அசோகர் மரம் நட்டார், சரி... சதியபுதோ யாரு?

அசோகர் என்ன செய்தார்? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம்: சாலையோரம் மரம் நட்டார், கிணறு வெட்டினார். நாம் தமிழில் மனப்பாடம் செய்தோம். இங்கே குஜராத்தில் நம்ம பசங்க இங்கிலீஷிலோ ஹிந்தியிலோ செய்கிறார்கள். அதே கேள்வி, அதே இரண்டு மார்க்.

இந்தப் பதில் பொறித்த பாறை ஒன்று ஜூனாகத்தில், கிர்நார் மலைக்குப் போகிற வழியில் இருக்கிறது. அதில் அசோகரின் 14 கட்டளைகள் இருக்கின்றன. இரண்டாவதில்தான் மரமும் கிணறும் வருகின்றன. மனிதர்களுக்கும் கால்நடைகளுக்கும் வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்ததும் அதிலேயே இருக்கிறது. தன் நாட்டில் மட்டுமில்லை, எல்லைக்கு வெளியே சோழர், பாண்டியர், சதியபுதோ, கேரளபுத்திரர் நாடுகளிலும், இலங்கை வரைக்கும் என்கிறார் ராஜா.

சோழர், பாண்டியர் தெரிந்தவர்கள். கேரளபுத்திரர் என்றால் சேரர். நடுவில் உட்கார்ந்திருக்கும் இந்த சதியபுதோ யாரு?

பிராமி எழுத்தை ஜேம்ஸ் பிரின்செப் படித்தது 1837ல். அப்போது பிறந்த கேள்வி இது. காஞ்சிபுரம் என்றார்கள், துளு நாடு என்றார்கள், சத்தியமங்கலம் என்றார்கள். மகாராஷ்டிரா பக்கம் கை காட்டியவர்களும் உண்டு. பள்ளிப் புத்தகம் மரம் நட்டதோடு நிறுத்திக்கொண்டது.

இத்தனைக்கும் சரியான பதிலை ஏற்கனவே சொல்லிவிட்டார்கள். சதியபுதோ என்பது அதியமான்தான் என்றார் கே.ஜி. சேஷய்யர். மொழியியல் அறிஞர் பர்ரோ 1940களில் அதற்கு இலக்கணமே காட்டினார். நம்ம மொழியில் சொல்லின் முதலில் வரும் 'ச' பல இடங்களில் உதிர்ந்துவிடும். சிப்பி, இப்பி ஆகிறது இல்லையா, அதுமாதிரி சதிய, அதிய ஆகும். புத்திரன் என்றால் மகன், மகன் சுருங்கினால் மான். சேரமான் மாதிரி அதியமான். இவ்வளவுதான் கணக்கு! ஆனால் சான்று இல்லாததால் அது பல ஊகங்களில் ஒன்றாகவே கிடந்தது.

1981ல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பை என்ற கிராமத்தில், ஒரு குகையில் தமிழ் பிராமியில் ஒரே ஒரு வரி கிடைத்தது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த படுக்கை இது என்று பொருள். பட்டமும் பெயரும் பக்கத்தில் பக்கத்தில்! 140 வருஷத்துக்கு மேல் காத்திருந்த கேள்விக்கு ஒரு வரியில் விடை.

ஒன்று கவனிக்கணும். அசோகர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. ஜம்பை கல்வெட்டு அதற்கு இருநூறு, முன்னூறு வருஷம் பிந்தியது. ஆகவே அசோகர் சொன்னது இந்த அஞ்சியை இல்லை, அவருடைய முன்னோர்களை. அவ்வளவு காலம் கழித்தும் அந்தப் பட்டத்தை விடாமல் வைத்திருந்திருக்கிறார்கள்.

நம்ம பசங்க படிக்கிற புத்தகத்தில் தெற்கு எப்போதும் கடைசிப் பாடம், பல சமயம் பரீட்சைக்கு அது வராது. அசோகரோ நான்கு பேரையும் பெயர் சொல்லி எழுதிவைத்தார். அதுவும் தன் ஆட்சிக்கு உட்பட்டவர்களாக இல்லை, எல்லை தாண்டி வாழ்ந்த அண்டை நாட்டுக்காரர்களாக.

அடுத்த முறை இந்தப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது இரண்டு மார்க்கோடு நிறுத்தாதீர்கள். அந்தக் கட்டளையில் யார் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். அதில் நம்ம தர்மபுரிக்காரர் ஒருவர் இருக்கிறார்.