வானத்தைக் கேட்கும் அயலட்டை

2022 ஜூலை 14. மாலேயிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்த சவூதியா எஸ்வி 788 விமானத்தைத்தான் அந்த நேரம் ஃப்ளைட்ரேடார்24 தளத்தில் உலகிலேயே அதிகம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்தவர் கோத்தாபய ராஜபக்ச. எங்கட போன்களில் நகர்ந்த அந்தச் சின்ன விமானப் படம் எங்கிருந்து வருகுது? இதெல்லாம் செய்மதி வேலை எண்டு பலர் சொல்லுவினம். பெரும்பாலும் இல்லை. யாரோ ஒருவர் தன் வீட்டுக் கூரையில் கட்டிவைத்த அன்ரனாவில் இருந்துதான் இந்தத் தகவல் வருகிறது.

இன்றைய பயணிகள் விமானங்கள் தம் இடத்தையும் உயரத்தையும் வேகத்தையும் 1090 மெகாஹேர்ட்ஸில் தாமே சொல்லிக்கொண்டு போகின்றன. இதற்கு ஏடிஎஸ்-பி என்று பெயர். பூட்டு எதுவும் இல்லை. கேட்கக் காது இருந்தால் போதும். ஆனால் அந்தக் காதின் விலை முதலில் அதிகம். 2005 இல் பிரிட்டனில் வந்த எஸ்பிஎஸ்-1 கருவிக்குச் சில நூறு பவுண்கள் வேண்டும். 2006 இல் சுவீடனைச் சேர்ந்த இரண்டு விமானப் பிரியர்கள் ஒரு வலையமைப்பைத் தொடங்கினார்கள். 2009 இல் கருவி வைத்திருக்கும் எவரும் அதில் சேரலாம் என்று திறந்துவிட்டார்கள். அதுதான் ஃப்ளைட்ரேடார்24.

2012 அளவில் நிலைமை மாறியது. கணினியில் ரீவி பார்க்கும் ஒரு மலிவான யூஎஸ்பி கருவியை வானொலி வாங்கியாக மாற்றலாம் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். இத்தாலிய நிரலாளர் சல்வத்தோரே சன்ஃபிலிப்போ, அதில் விமானச் செய்திகளைப் படிக்க டம்ப்1090 என்ற நிரலை எழுதி இலவசமாகக் கொடுத்தார். இருபது டொலர் போதும் என்றாகிவிட்டது.

ஆனாலும் எல்லா விமானமும் தன் இடத்தைச் சொல்லாது. பழைய கருவி பூட்டியவையும் பல இராணுவ விமானங்களும் அடையாளத்தையும் உயரத்தையும் மட்டுமே சொல்லும். அங்கேதான் அயலவர் தேவைப்படுகிறார். ஒரே சமிக்ஞை நாலு வீடுகளுக்கு நாலு வேறு கணங்களில் வந்துசேரும். அந்த நேர வித்தியாசத்தை வைத்து விமானத்தின் இடத்தைக் கணக்கிடலாம். ஒரு மைக்ரோசெக்கன் பிழைத்தால் 300 மீற்றர் பிழைக்கும். எனவே கடிகாரங்கள் ஒத்துப்போகவேணும். அதற்கு, இடத்தைச் சொல்லும் வேறொரு விமானத்தை அந்த வீடுகள் ஒன்றாகக் கேட்கவேணும். தனிக்காட்டு ராஜாவாக இருந்து இதைச் செய்யேலாது.

அதனால்தான் பக்கத்தில் யார் கேட்கிறார்கள் என்று தேடுவது இந்தப் பொழுதுபோக்கின் பாதி வேலை. சில வலையமைப்புகள் உங்கள் கருவி எந்தெந்தக் கருவிகளோடு நேரம் ஒத்துப்போகிறது என்று பட்டியல் காட்டும். ஆனால் வீட்டின் சரியான இடத்தைக் காட்டாமல் தள்ளிப்போட்டுக் காட்டும். அது நல்லதுதான். கதவைத் தட்டுவதற்கு முதல் அவர் விருப்பத்தைக் கேட்கவேணும்.

2016 இல் தொடங்கிய ஏடிஎஸ்பி எக்ஸ்சேஞ்ச், பணக்காரர் கேட்டாலும் எந்த விமானத்தையும் மறைப்பதில்லை என்றதால் பெயர் பெற்றது. 2023 ஜனவரியில் அது ஜெட்நெட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. தொண்டர்கள் பலர் கோபத்தோடு கருவியின் இணைப்பைப் பிடுங்கி, புதிய வலையமைப்புகளுக்கு மாறினார்கள். நிறுவனத்தால் இணையத்தளத்தை வாங்க முடிந்தது. கூரைகளை வாங்க முடியவில்லை. அதிகாரத்தில் இருப்பவர் எங்கே பறக்கிறார் என்று தெரிந்துகொள்ளும் வலு, கடைசியில் ஒன்றையொன்று கேட்கிற தூரத்தில் இருக்கும் நாலு வீடுகளின் கையில்தான் இருக்கிறது.