நிலத்தடி உறைபனிக் கணிப்பின் வரலாறு

தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது 0 பாகை செல்சியசு அல்லது அதற்குக் கீழான வெப்பநிலையில் இருக்கும் நிலம் நிலத்தடி உறைபனி எனப்படும். வடதுருவத்தை ஒட்டிய இத்தகைய நிலப்பகுதிகளின் மண்ணில், வளிமண்டலத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு கரிமம் அடங்கியுள்ளது. எனவே அது எவ்வளவு விரைவாக உருகும் என்பது முக்கியமான கேள்வி.

சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் பியோதர் செர்கின் என்பவர் 1828 இல் தண்ணீருக்காகக் கிணறு தோண்டத் தொடங்கினார். 1837 வரை 116 மீட்டர் தோண்டியும் மண் உறைந்தே இருந்தது. குடிக்க உதவாத அக்கிணறு அறிவியலுக்கு உதவியது. 1840களில் அலெக்சாண்டர் வான் மிடெண்டோர்ஃப் அதனுள் பல ஆழங்களில் வெப்பநிலையை அளந்தார். கீழே செல்லச் செல்லக் குளிர் குறைந்தது. அந்த வீதத்தைக்கொண்டு உறைபனியின் அடிமட்டத்தைக் கணக்கிட முடிந்தது.

மண்ணில் வெப்பம் மிக மெதுவாகவே பரவும். அதனால் மேற்பரப்பின் பழைய வெப்பநிலை மாற்றங்கள் ஆழத்தில் பதிந்திருக்கும். 1986 இல் லாக்கன்புருக், மார்ஷல் இருவரும் அலாசுக்காவின் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து, இருபதாம் நூற்றாண்டில் அங்கு மேற்பரப்பு 2 முதல் 4 பாகை வரை வெப்பமடைந்ததாகக் கண்டனர்.

கணினி மாதிரிகள் முதலில் இந்த ஆழத்தை மறந்தன என்றே சொல்ல வேண்டும். 2005 இல் லாரன்சு, சிலேட்டர் வெளியிட்ட ஆய்வு, உமிழ்வு மிகுந்தால் மேற்பரப்பை அண்டிய உறைபனி 105 இலட்சம் சதுர கிலோமீட்டரிலிருந்து 2100 இல் சுமார் 10 இலட்சமாகச் சுருங்கும் என்றது. அம்மாதிரியின் மண் 3.5 மீட்டருக்கும் குறைவான ஆழமே கொண்டிருந்தது. கீழுள்ள குளிர்ந்த நிலம் கணக்கில் வராததால் உருகல் மிகைப்பட்டதாக விமர்சனம் எழுந்தது. பின்னர் அவர்களே மண்ணின் ஆழத்தைப் பல பத்து மீட்டராக்கி, வெப்பத்தைத் தடுக்கும் மட்கிய மேலடுக்கையும் சேர்த்தனர். இழப்பின் வேகம் குறைந்தது. ஆனாலும் இழப்பு பெரிதாகவே இருந்தது.

நிலத்தடிப் பனிக்கட்டி உருகித் தரை அமிழ்ந்து குளமாகும் திடீர் மாற்றங்கள் பெரும்பாலான உலகளாவிய மாதிரிகளில் இன்னும் இடம்பெறவில்லை.