குளிர்கால எறியாளர் சந்தை: பேஸ்பாலில் தக்கவைப்பு விதியும் அதன் வீழ்ச்சியும்

அமெரிக்க பேஸ்பால் ஆட்டப்பருவம் இலையுதிர் காலத்தில் உலகத் தொடருடன் முடிவடைகிறது. அடுத்த பயிற்சி முகாம் பிப்ரவரி நடுவில்தான் தொடங்கும். இடைப்பட்ட மூன்றரை மாதங்களில் மைதானங்கள் பூட்டிக் கிடந்தாலும் ரசிகர்களின் வாக்குவாதம் ஓய்வதில்லை. எந்த அணி யாரை விற்கும், யாரை வாங்கும், யாருக்கு எத்தனை ஆண்டு ஒப்பந்தம் தரும் என்பதே அப்போதைய பேச்சு. பனிக்காலத்தில் கடைகளிலும் முடிதிருத்தகங்களிலும் கணப்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து ஆட்கள் பேஸ்பால் பேசிய பழைய வழக்கத்தால் இதற்கு 'ஹாட் ஸ்டவ் லீக்', அதாவது 'சூடான அடுப்பு லீக்' என்ற பெயர் ஏற்பட்டது.

இந்தப் பேச்சில் அதிகம் அடிபடுபவர் தொடக்க எறியாளர். கிரிக்கெட் பார்த்துப் பழகிய மாணவர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் பந்துவீச்சாளர் மாறுவார். பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் எறியாளரே பல இன்னிங்ஸ்கள் தொடர்ந்து பந்து எறிகிறார். எறிந்த கை ஆற வேண்டும் என்பதால் அடுத்த நான்கைந்து நாட்கள் அவர் ஆடுவதில்லை. ஆகவே ஓர் அணிக்குச் சுழற்சி முறையில் ஐந்து தொடக்க எறியாளர்கள் வேண்டும். 162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் ஒருவர் தொடங்குவது முப்பத்திரண்டு அல்லது முப்பத்துமூன்று ஆட்டங்களைத்தான். ஆனால் அவர் ஆடும் நாளில் ஆட்டத்தின் போக்கை அவரைப்போல் தீர்மானிப்பவர் வேறு எவரும் இல்லை. அணி வென்றால் அந்த வெற்றி பெரும்பாலும் அவர் பெயரிலேயே பதிவாகும். தோளும் முழங்கையும் எந்த நாளில் பழுதாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. விலை அதிகம், நம்பகம் குறைவு; ரசிகர்கள் சண்டையிட இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

இன்று ரசிகர்கள் 'அவர் எந்த அணிக்குப் போவார்' என்று கேட்கிறார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இக்கேள்விக்கே இடமிருக்கவில்லை, ஏனெனில் எறியாளர் தாமாக எங்கும் போக முடியாது. அந்த நிலையை மாற்றியதில் மூன்று தொடக்க எறியாளர்களுக்கு நேரடிப் பங்கு உண்டு.

தக்கவைப்பு விதி

1879-இல் நேஷனல் லீக் கழக உரிமையாளர்கள் கூடி, ஒவ்வொரு கழகமும் ஐந்து வீரர்களைத் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளலாம், அவர்களை மற்றக் கழகங்கள் தொடக்கூடாது என்று உடன்பாடு செய்துகொண்டனர். சில ஆண்டுகளிலேயே அது அணி முழுவதற்கும் விரிந்து, ஒப்பந்தப் படிவத்திலேயே ஒரு விதியாக இடம்பெற்றது. வீரர் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடாவிட்டால் பழைய ஒப்பந்தத்தையே கழகம் ஓராண்டுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். ஓராண்டு என்றுதானே எழுதியிருக்கிறது என்று நமக்குத் தோன்றும். புதுப்பித்த ஒப்பந்தத்திலும் அதே விதி இருக்கிறது, எனவே அடுத்த ஆண்டும் புதுப்பிக்கலாம், அதற்கடுத்த ஆண்டும் புதுப்பிக்கலாம் என்பது உரிமையாளர்களின் வாதம். ஓராண்டு ஒப்பந்தம் ஆயுள் ஒப்பந்தம் ஆனது இப்படித்தான். கழகம் மட்டும் வீரரை விற்கலாம், மாற்றலாம், நீக்கலாம்.

நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. 1922-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஆகாது, எனவே ஏகபோகத் தடைச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 1953-இல் ஜார்ஜ் டூல்சன் என்பவர் தொடுத்த வழக்கிலும் அதே நிலை உறுதிசெய்யப்பட்டது. யாங்கீஸ் கழகத்தின் கிளை அணி ஒன்றில் இருந்த அவரும் ஓர் எறியாளரே.

அக்காலக் குளிர்கால விவாதம் முழுவதும் கழகங்களுக்கு இடையிலான பண்டமாற்றைப் பற்றியது. 1965 டிசம்பரில் சின்சினாட்டி, பால்டிமோரிடமிருந்து மில்ட் பாப்பஸ் என்ற தொடக்க எறியாளரைப் பெறுவதற்காக ஃபிராங்க் ராபின்சனைக் கொடுத்தது; உடன் வேறு இருவரும் கிடைத்தனர். பாப்பஸ் அதற்குள் 110 வெற்றிகள் கண்டவர், வயது இருபத்தாறு. ராபின்சனுக்கு முப்பது. காகிதத்தில் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் 1966-இல் ராபின்சன் மட்டைவீச்சின் மூன்று முதன்மைப் பட்டியல்களிலும் தம் லீக்கில் முதலிடம் பெற்றார், பால்டிமோர் உலகத் தொடரை வென்றது. பாப்பஸை 1968-லேயே சின்சினாட்டி வேறு அணிக்கு அனுப்பிவிட்டது.

எறியாளரை விட்டுக்கொடுத்து ஏமாந்த கதைகளும் உண்டு. 1971 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ், ஜிம் ஃப்ரெகோசியைப் பெற நால்வரைக் கொடுத்தது. அந்நால்வரில் ஒருவர் இருபத்து நான்கு வயது நோலன் ரையன். அவர் பின்னாளில் 5,714 மட்டையாளர்களை ஸ்டிரைக்அவுட் முறையில் வீழ்த்தி, இன்றும் முறியடிக்கப்படாத சாதனையுடன் ஓய்வுபெற்றார். அதே குளிர்காலத்தில், 1972 பிப்ரவரியில், செயின்ட் லூயிஸ் கழகம் ஸ்டீவ் கார்ல்டனை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியது. காரணம் சம்பளப் பேச்சில் ஏற்பட்ட பிணக்கு. ரிக் வைஸ் என்ற தங்கள் அன்புக்குரிய எறியாளரை இழந்ததற்கு ஃபிலடெல்ஃபியா ரசிகர்கள் வருந்தினர். அந்த ஆண்டு ஃபிலடெல்ஃபியா பெற்ற வெற்றிகள் மொத்தம் 59. அவற்றில் 27 கார்ல்டனுடையவை.

இக்கதைகளை ரசிகர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். வரலாற்று ஆசிரியனாக இருந்த எனக்குக் கண்ணில் படுவது வேறொன்று. கைமாறிய இவர்களில் எவருக்கும் மறுக்கும் உரிமை இல்லை.

கர்ட் ஃபிளட்டின் வழக்கு

மறுத்துப் பார்த்தவர் எறியாளர் அல்லர். செயின்ட் லூயிஸ் அணிக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடிய கர்ட் ஃபிளட் என்ற கறுப்பின வெளிக்கள வீரர் அவர். 1969 அக்டோபரில் தம்மை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியதை அறிந்தபோது அவருக்கு முப்பத்தொரு வயது. அந்த டிசம்பர் 24-இல் அவர் பேஸ்பால் ஆணையர் போவி கூனுக்குக் கடிதம் எழுதி, தாம் வாங்கி விற்கப்படும் ஒரு சொத்து அல்ல என்றும், மற்றக் கழகங்களின் அழைப்பையும் தாம் பரிசீலிக்க உரிமை வேண்டும் என்றும் கேட்டார். கோரிக்கை மறுக்கப்பட்டது, வழக்குத் தொடுத்தார்.

வீரர் சங்கம் வழக்குச் செலவை ஏற்றது. அதன் தலைமை நிர்வாகி மார்வின் மில்லர், எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பொருளியல் வல்லுநராக இருந்து 1966-இல் இங்கு வந்தவர். வெற்றி வாய்ப்புக் குறைவு என்று அவர் ஃபிளட்டிடம் முன்கூட்டியே எச்சரித்தார். 1970-இல் விசாரணை நடந்தபோது ஓய்வுபெற்ற ஜாக்கி ராபின்சனும் ஹாங்க் கிரீன்பெர்க்கும் வந்து சாட்சி சொன்னார்கள். அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவர்கூட நீதிமன்றத்துக்கு வரவில்லை. பிழைப்பு போய்விடும் என்ற அச்சம் அது. குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் படிக்கும்போதெல்லாம் உறுத்துகிறது.

1972 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-3 என்ற பெரும்பான்மையில் ஃபிளட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்துவிட்டது. 1970 முழுவதும் ஆடவில்லை. 1971-இல் வாஷிங்டனுக்காக 13 ஆட்டங்கள் ஆடிவிட்டு விலகிவிட்டார்.

கட்டப்படாத காப்பீட்டுத் தொகை

நீதிமன்றத்தில் மூடிய கதவு ஓர் ஒப்பந்தத் தாளின் வழியே திறந்தது. சங்கமும் உரிமையாளர்களும் 1970-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஒப்பந்தம் குறித்த தகராறுகளைச் சார்பற்ற மத்தியஸ்தர் முன் கொண்டுசெல்லலாம் என்றாகியிருந்தது. மில்லரின் உண்மையான சாதனை இதுதான் என்பது என் கருத்து.

ஜிம் 'கேட்ஃபிஷ்' ஹண்டர் ஓக்லாந்து அணியின் முதன்மை எறியாளர். அவ்வணி 1972 முதல் 1974 வரை தொடர்ந்து மூன்று உலகத் தொடர்களை வென்றிருந்தது. 1974-இல் ஹண்டர் பெற்ற வெற்றிகள் 25. அவருடைய சம்பளம் ஒரு லட்சம் டாலர். அதில் பாதியை ஒரு காப்பீட்டு ஆண்டுத்தொகைத் திட்டத்தில் செலுத்த வேண்டும் என்பது ஒப்பந்தம். உரிமையாளர் சார்லி ஃபின்லி அதைச் செலுத்தவில்லை. சங்கம் முறையிட்டது. ஒப்பந்தம் மீறப்பட்டுவிட்டது, இனி ஹண்டர் எவருக்கும் கட்டுப்பட்டவர் அல்லர் என்று மத்தியஸ்தர் பீட்டர் சைட்ஸ் 1974 டிசம்பரில் முடிவு கூறினார்.

அதன்பின் நடந்ததை அதுவரை பேஸ்பால் உலகம் கண்டதில்லை. வட கரோலினாவில் அஹாஸ்கி என்ற சிற்றூரில் ஹண்டருடைய வழக்கறிஞரின் அலுவலகம் இருந்தது. கழக அதிபர்களும் மேலாளர்களும் அங்கே படையெடுத்தனர். டிசம்பர் 31-இல் ஹண்டர் நியூயார்க் யாங்கீஸுடன் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மொத்த மதிப்பு முப்பது லட்சம் டாலருக்கு மேல். அதைவிட அதிகம் தருவதாகச் சொன்ன கழகமும் இருந்தது. ஆனால் சிறுவனாக இருந்த ஹண்டரை முதன்முதலில் கண்டெடுத்த கிளைட் கிளட்ஸ் என்ற தேர்வாளர் அப்போது யாங்கீஸில் பணிபுரிந்தார், அந்த நம்பிக்கையே தீர்மானித்தது என்பர்.

ஒரு லட்சம் வாங்கியவரின் சந்தை மதிப்பு என்ன என்பது எல்லா வீரர்களுக்கும் ஒரே இரவில் தெரிந்துவிட்டது. ஃபிளட்டின் வழக்கு உரிமையைப் பேசியது. ஹண்டரின் ஒப்பந்தம் விலையைச் சொன்னது.

கையெழுத்திடாத இருவர்

அடுத்தவர் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸின் ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித். தமது சம்மதமின்றித் தம்மை வேறு அணிக்கு மாற்றக்கூடாது என்ற உறுதியை அவர் ஒப்பந்தத்தில் கேட்டார். கழகம் மறுத்தது. 1975 பருவம் முழுவதும் கையெழுத்திடாமலே ஆடி 19 வெற்றிகள் பெற்றார். கடைசி நேரத்தில் கழகம் அவரைப் பணத்தால் வளைத்துவிட்டால் வழக்கு விழுந்துவிடும் என்று மில்லர் அஞ்சினார். எனவே மாண்ட்ரியாலின் டேவ் மெக்நாலியையும் சேர்த்துக்கொண்டார். மெக்நாலி அந்த ஆண்டு நடுவிலேயே ஆட்டத்தைக் கைவிட்டு ஊருக்குப் போயிருந்தவர். வழக்கில் வென்றாலும் அவருக்கு ஒரு காசு ஆதாயம் இல்லை.

1975 டிசம்பர் 23-இல் சைட்ஸ் தீர்ப்பளித்தார்: ஓராண்டு என்றால் ஓராண்டுதான். புதுப்பித்த ஆண்டு முடிந்ததும் வீரர் கட்டற்றவர். உரிமையாளர்கள் உடனே சைட்ஸைப் பதவியிலிருந்து நீக்கினர், மேல்முறையீட்டிலும் தோற்றனர்.

இனி எல்லா வீரரும் ஆண்டுதோறும் விடுதலை பெறலாமா என்பது அடுத்த கேள்வி. விந்தையாக, அது வேண்டாம் என்று நினைத்தவர் மில்லர். நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் விலை சரியும் என்பது அவர் கணக்கு. எல்லாரையும் விட்டுவிடுங்கள் என்று சொன்ன உரிமையாளர் ஃபின்லி ஒருவரே, மற்றவர்கள் கேட்கவில்லை. ஆறாண்டுப் பணிக்குப் பிறகே விடுதலை என்று 1976-இல் உடன்பாடு ஏற்பட்டது. அவ்விதி இன்றும் நீடிக்கிறது. குளிர்காலத்தில் சந்தைக்கு வரும் எறியாளர் பெரும்பாலும் முப்பதை நெருங்கியவராகவோ தாண்டியவராகவோ இருப்பதற்கு இதுவே காரணம். பல்லாயிரம் பந்து எறிந்த கைக்கு இன்னும் ஐந்தாறு ஆண்டு விலை பேச வேண்டியிருக்கிறது.

அந்தச் சூதாட்டம் முதல் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. 1976-இல் 20 வெற்றிகள் பெற்ற வெய்ன் கார்லண்டுக்கு கிளீவ்லாந்து பத்தாண்டு ஒப்பந்தம் தந்தது. முதல் பயிற்சி முகாமிலேயே தோள் பழுதானது. ஐந்து பருவங்களில் அவர் பெற்றது 28 வெற்றி, 48 தோல்வி. யாங்கீஸ் ஆறாண்டுக்கு எடுத்த டான் கல்லெட் இரண்டே பருவங்களில், இருபத்தேழு வயதில் முடிந்துபோனார். ஹண்டரும் முதல் ஆண்டில் 30 ஆட்டங்களைத் தனியாளாக இறுதிவரை எறிந்து 23 வெற்றிகள் தந்துவிட்டு, பின் கைவலியால் 1979-இல் ஓய்வு பெற்றார். இருந்தும் வீரர்களின் சராசரிச் சம்பளம் 1976-இல் ஏறத்தாழ 51,500 டாலராக இருந்தது, 1980-இல் 1,43,000-ஐத் தாண்டியது.

விலை கேட்பார் இல்லாத குளிர்காலம்

1986 டிசம்பரில் டெட்ராய்ட்டின் ஜாக் மோரிஸ், 21 வெற்றிகளுடன், தம் சொந்த மாநிலமான மினசோட்டா அணியிடம் தாமே சென்று வாய்ப்புக் கேட்டார். மறுத்துவிட்டனர். யாங்கீஸும் மறுத்தது. அந்த ஆண்டுகளில் மற்ற அணி வீரருக்கு விலை கூறுவதில்லை என்று உரிமையாளர்கள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தனர். அது கூட்டுச்சதி என்று மத்தியஸ்தர்கள் கண்டறிந்தனர். 1990-இல் உரிமையாளர்கள் 28 கோடி டாலர் இழப்பீடு தர இசைந்தனர். மோரிஸ் ஒருவழியாக 1991-இல் மினசோட்டாவுக்கு வந்தார். அவ்வாண்டு உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் பத்து இன்னிங்ஸும் அவரே எறிய, மினசோட்டா 1-0 என்று வென்றது.

கெவின் பிரவுன் 1998 டிசம்பரில் டாட்ஜர்ஸுடன் செய்த ஏழாண்டு ஒப்பந்தம் பத்துக் கோடி டாலரைக் கடந்த முதல் ஒப்பந்தம். அந்த ஆண்டு அக்டோபரில்தான் அமெரிக்க நாடாளுமன்றம், முதன்மை லீக் வீரர்களுக்கு ஏகபோகத் தடைச் சட்டப் பாதுகாப்பை அளித்தது. அச்சட்டத்துக்கு கர்ட் ஃபிளட் பெயரையே சூட்டினர். அவர் 1997 ஜனவரியில் காலமாகியிருந்தார்.

2023 டிசம்பரில், அமெரிக்க முதன்மை லீக்கில் ஒரு பந்துகூட எறியாத ஜப்பானியர் யோஷினோபு யமமோட்டோவுக்கு டாட்ஜர்ஸ் பன்னிரண்டு ஆண்டுக்கு 32.5 கோடி டாலர் தந்தது. எந்த எறியாளரும் அதுவரை பெறாத தொகை. அவரை விட்டுக்கொடுத்த ஜப்பானிய ஓரிக்ஸ் கழகத்துக்கு ஐந்து கோடிக்கு மேல் தனியாகக் கொடுத்தது. இவ்வளவு தகுமா என்று அந்தக் குளிர்காலம் முழுக்க ரசிகர்கள் மோதிக்கொண்டனர். 2024-இல் தோள் காயத்தால் அவர் பருவத்தின் ஒரு பகுதியில் ஆடாதபோது ஒரு தரப்பு தலை நிமிர்ந்தது. 2025 உலகத் தொடரில் மூன்று வெற்றிகள் பெற்று, அதிலும் ஆறாவது ஆட்டத்தில் எறிந்த கையோடு மறுநாள் ஏழாவது ஆட்டத்திலும் எறிந்து, தொடரின் சிறந்த வீரரானபோது மறு தரப்பு நிமிர்ந்தது. ஒப்பந்தம் 2035 வரை ஓடும்.