கோடைக்கு ஒரு வீடு

சித்திரை மாதத்தில் எப்போதாவது தேனிப் பக்கம் போயிருக்கிறீர்களா? போயிருந்தால், வீரபாண்டியில் பஸ் நகரவே மாட்டேன் என்கிறதே என்று நிச்சயம் அலுத்துக்கொண்டிருப்பீர்கள். கௌமாரியம்மன் கோயில் திருவிழா! ராட்டினம், பொரிகடலை, மஞ்சள் சேலை, கையில் அக்னிச்சட்டி... எங்கே பார்த்தாலும் ஜனம். கொஞ்சம் கீழே இறங்கினால் முல்லையாறு. வெயிலுக்குப் பயந்து பாதி ஊர் அந்தத் தண்ணீரில்தான் கிடக்கும்.

அந்த ஆற்றில் இடுப்பளவு நின்றுகொண்டு, ஒரு நிமிடம் வடக்கே பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் நீலமாக ஒரு மலைத்தொடர் தெரியும். பழநி மலை. அதன் மேலேதான் கொடைக்கானல்.

நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பு, இதே கோடையில் சில வெள்ளைக்காரக் குடும்பங்கள் அந்த மலைக்கு மூட்டை கட்டிக்கொண்டு போயின. கீழே இருந்தவர்கள் ஆற்றங்கரைக்கும் அம்மனிடமும் வந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. பயம்!

இன்று கோடை என்றால் நமக்கு வியர்வை, கரன்ட் பில். அன்று கோடை என்றால் காலரா, அம்மை. அம்மை நோய்க்கே 'அம்மன்' என்றுதானே நம் பாட்டிமார் பெயர் வைத்திருந்தார்கள்? மாரியம்மனுக்குக் கோடையில் விழா எடுப்பதன் பின்னால் அந்தக் காலத்து மரண பயமும் இருக்கிறது. வீரபாண்டித் தல வரலாறே ஒரு நோயைப் பற்றியதுதான். பார்வை இழந்த பாண்டிய மன்னன் இங்கே வந்து வேண்டி, கௌமாரியம்மன் அருளால் ஒரு கண்ணும், கண்ணீஸ்வரமுடையார் அருளால் இன்னொரு கண்ணும் பெற்றான் என்கிறது கதை.

சரி, வெள்ளைக்காரர்களின் பயத்துக்கு வருவோம்.

1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து சேர்ந்தது அமெரிக்கன் மிஷன். பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று ஆரம்பித்தவர்களை மதுரை வெயிலும் காய்ச்சலும் காலராவும் சாய்த்தன. மனைவியை, குழந்தைகளை, பிறகு தன்னையே மண்ணுக்குக் கொடுத்த பாதிரிமார்கள் பலர். காலரா கிருமியை ராபர்ட் கோக் அடையாளம் காட்ட இன்னும் ஐம்பது வருஷம் இருந்தது. மலேரியா கொசுவால் வருகிறது என்று ரொனால்டு ராஸ் நிரூபித்தது 1897-ல்தான். அதுவரைக்கும் டாக்டர்கள் சொன்ன ஒரு யோசனை, 'கோடையில் மேலே போய்விடுங்கள்' என்பது.

முதலில் சிறுமலையில் இடம் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. பிறகுதான் இன்னும் உயரத்தில், சுமார் ஏழாயிரம் அடியில் இருந்த கொடைக்கானல் மேல் கண் விழுந்தது. 1821-லேயே வார்டு என்ற ஆங்கிலேய லெஃப்டினென்ட் அந்த மலையை அளந்து வைத்திருந்தார். 1845-ல் இரண்டு வீடுகள் எழுந்தன. சன்னிசைடு, ஷெல்டன் என்று பெயர். கொடைக்கானலின் பங்களா வாழ்க்கை இந்த இரண்டு வீட்டிலிருந்து தொடங்குகிறது.

வீடு கட்டியாச்சு. எப்படிப் போவது?

இங்கேதான் நம் தேனிச் சீமை கதைக்குள் வருகிறது. இன்றைக்கு வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறுகிறோமே, அந்த மலைச்சாலையின் வேலை முடிந்தது 1914 வாக்கில். அதற்கு முன்பு கொடைக்கானலுக்கு வாசல், பெரியகுளம்! ரயிலில் அம்மையநாயக்கனூரில் இறங்க வேண்டும். 'கொடைக்கானல் ரோடு' ஸ்டேஷன் இதுதான். அங்கிருந்து இரவெல்லாம் மாட்டு வண்டியில் 33 மைல் வந்தால், பெரியகுளம் தாண்டி மலையடிவாரத்தில் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பு. வெள்ளைக்காரர்கள் சுருக்கமாகத் 'தோப்பு' என்றே சொல்வார்கள். அங்கே வண்டி முடிந்தது, மலை ஆரம்பம். சுமார் 12 மைல் ஒற்றையடிப் பாதை, ஆறாயிரம் அடி ஏற்றம்.

திடமானவர்கள் மட்டக்குதிரையில் ஏறினார்கள். மற்றவர்கள் டோலியிலும், மூங்கில் கட்டிய நாற்காலியிலும் உட்கார்ந்தார்கள். தூக்கியது யார்? நம்ம ஊர்க்காரர்கள். ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றி மாற்றி, மூச்சு வாங்க, மேகத்துக்குள் கொண்டுபோய் இறக்கினார்கள். பெட்டி படுக்கையும் பாத்திரமும் மனிதர்களின் தலையிலும் மாட்டின் முதுகிலும்தான் மேலே போயின.

மேலே போனால் வேறு உலகம்! மதுரை கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் 1863-ல் ஓடைகளை மறித்து ஏரி உண்டாக்கினார். தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்தார். தூத்துக்குடி எங்கே, கொடைக்கானல் எங்கே! அந்தப் படகும் சாலை இல்லாத மலையில்தான் ஏறியிருக்கிறது. 1890-ல் படகு கிளப். 1899-ல் நட்சத்திரங்களை விட்டுவிட்டு சூரியனை மட்டும் ஆராய ஒரு வானாய்வுக்கூடம். 1901-ல் ஹைகிளர்க் என்ற ஹோட்டல் கட்டடத்தில் பாதிரிமார் குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். படிப்புக்காகப் பிள்ளைகளைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு, வருஷக்கணக்கில் முகம் பார்க்காமல் தவித்த அம்மாக்களுக்கு அந்தப் பள்ளிக்கூடம் எவ்வளவு பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்!

ஏப்ரல், மே இரண்டு மாதமும் கணப்பில் விறகு எரியும். பகலில் டென்னிஸ், மாலையில் படகு, ஞாயிறு பிரார்த்தனை. ஜூனில் மழை தட்டியதும் மறுபடி டோலி, மறுபடி தோப்பு, மறுபடி மதுரை.

எல்லோரும் உயிரோடு இறங்கவில்லை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினாரே, பிஷப் கால்டுவெல்... அவர் 1891 ஆகஸ்டில் கொடைக்கானலில்தான் காலமானார். உடல் கீழே இறக்கப்பட்டு, திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. மலைச்சாலை முடியாத காலம். அதையும் சிலர் சுமந்துதானே இறக்கியிருக்க வேண்டும்?

கோடை வீட்டு மோகம் நம்மூரோடு நிற்கவில்லை. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே ஓடும் செயின்ட் லாரன்ஸ் நதியில் 1,800-க்கு மேல் தீவுகள் உண்டு. 'ஆயிரம் தீவுகள்' என்று பெயர். அந்தக் காலத்துப் பணக்காரர்கள் ஆளுக்கொரு தீவை வாங்கிக் கோடை வீடு கட்டிக்கொண்டார்கள். ஜார்ஜ் போல்ட் என்ற ஹோட்டல் அதிபர், 'இதயத் தீவு' என்ற தீவில் மனைவி லூயிஸுக்காக 120 அறைகள் கொண்ட கோட்டையையே எழுப்பினார். 1904-ல் லூயிஸ் இறந்துபோனார். வேலையை நிறுத்தச் சொன்ன போல்ட், அந்தத் தீவில் மறுபடி கால் வைக்கவே இல்லை. பணத்தால் கோடையைத்தான் வாங்க முடிந்தது!

நம் பக்கத்திலும் கிட்டத்தட்ட அப்படி ஒரு வீடு உண்டு. 1895-ல் பென்னிகுயிக்கின் முல்லைப் பெரியாறு அணை செயல்படத் தொடங்கியதும் காட்டுப் பள்ளத்தாக்கு ஏரியானது. மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த எடப்பாளையத்தில் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கு ஒரு கோடை மாளிகை எழுந்தது. இன்று அது கேரள அரசின் ஹோட்டல். அதே ஏரித் தண்ணீர்தான் சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து, வீரபாண்டியில் உங்கள் காலை நனைக்கிறது. மகாராஜாவுக்கு ஜன்னல் காட்சி. நமக்கு நெல், குளியல், குடிநீர்.

சாலை முடிந்து மோட்டார் கார் ஏற ஆரம்பித்ததும் தோப்புப் பாதை வெறிச்சோடியது. டோலிகள் மூலைக்குப் போயின. பங்களாக்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. படகு விட்டவர் பெயர் இருக்கிறது. சாலைக்கே மேஜர் லா என்ற இன்ஜினீயரின் பெயர்தான். இத்தனை வருஷமும் அத்தனை பேரையும் சுமந்த தோள்களில் ஒன்றின் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. பன்னிரண்டு மைல் சுமந்து ஏறியவன் மேலே ஒரு கோடையைக் கழித்ததில்லை. கூலியை வாங்கிக்கொண்டு, அடுத்த சுமைக்காக வெயிலுக்குள் இறங்கிவிட்டான்.

அவன் சாமி கும்பிட எங்கே போயிருப்பான்? அம்மைக்குப் பயந்த அவன் பெண்டாட்டி எந்தக் கோயிலில் அக்னிச்சட்டி தூக்கியிருப்பாள்?

பெரியம்மை இந்தியாவில் 1975-ல் ஒழிந்தது. ஓ.ஆர்.எஸ். கரைசலும் நல்ல குடிநீரும் காலராவின் பல்லைப் பிடுங்கிவிட்டன. மலைக்கு இப்போது யார் வேண்டுமானாலும் போகலாம். எல்லோரும் போய், மலை தாங்காமல், நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்ததே, நினைவிருக்கிறதா? சுமந்தவனின் பேரன் காரில் ஏறிப் போய் ஏரியில் படகு விடுகிறான். அதற்குக் கூட்டம் ஒரு விலை என்றால், கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த சித்திரையில் வீரபாண்டியில் பஸ் நின்றால் அலுத்துக்கொள்ளாதீர்கள். இறங்குங்கள். ஆற்றில் ஒரு முழுக்குப் போடுங்கள். நிமிர்ந்து அந்த நீல மலையைப் பார்க்கும்போது, ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மூங்கிலை மாற்றிய அந்த மனிதனை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.