மணிக்கட்டில் ஏறியது எது?

எங்கள் வரதராஜன்பேட்டைப் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்சும் போடுவார்கள். வாட்ச் ஆணுக்குரிய சீர் என்றே நினைத்து வளர்ந்தோம். வரலாறு வேறு. 1868இல் படேக் ஃபிலிப் நிறுவனம் கைக்கடிகாரம் செய்தது ஹங்கேரியப் பிரபுகுலப் பெண் ஒருவருக்காக. அன்றைய ஐரோப்பிய ஆண்கள் சங்கிலி கோத்த கடிகாரத்தைப் பையில் வைத்துக்கொண்டு, மணிக்கட்டில் கட்டுவதைப் பெண்களின் நகை என்று கேலி செய்தார்கள். முதல் உலகப்போரில் சிப்பாய்களுக்கு இரண்டு கைகளும் தேவைப்பட்டன, வாட்ச் ஆணுடையதாயிற்று.

1961இல் பெங்களூரில் எச்.எம்.டி.யும் 1980களில் ஓசூரில் டைட்டனும் வாட்ச் தயாரிக்கத் தொடங்கின. நுண்ணிய பாகங்களைக் கோத்தவர்களில் பெண்கள் பலர். ஆனாலும் சீர்த்தட்டில் வாட்ச் மாப்பிள்ளைக்குத்தான்.

இன்று கல்லூரி மாணவிகளும் ஸ்மார்ட் வாட்ச் கட்டுகிறார்கள். அது நாடியையும் நடையையும் எண்ணுகிறது. எதை எண்ணுவது என்று முடிவுசெய்தவர்கள் யார்? ஆப்பிள் 2014இல் தந்த உடல்நலச் செயலியில் மாதவிடாய்க்கு இடமில்லை. மறு ஆண்டுதான் சேர்த்தார்கள்.

கையில் கட்டும் கருவி கையசைவை வைத்தே நடையைக் கணிக்கிறது. இடுப்பில் குடம் ஏந்திப் போகிறவளின் கை வீசுவதில்லை. அவள் நடை குறைவாகவே பதிவாகும். ஓட்டின் எண்ணெய் விரலைப் பொசுக்க, நாளெல்லாம் உட்கார்ந்து முந்திரி உடைப்பவளை அது சும்மா இருப்பவளாகக் கணக்கெழுதி, எழுந்து நிற்கச் சொல்லும்.

வாட்ச் வாங்குங்கள், தோழிகளே. அது காட்டும் எண்ணை மட்டும் உங்கள் உழைப்பின் கணக்கென்று நம்பிவிடாதீர்கள்.