சாதிக்குத் தேதி கேட்ட பேராசிரியர்



நாம் கூடியிருக்கும் வேளச்சேரியின் பெயரிலேயே 'சேரி' இருக்கிறது. இன்று அந்தச் சொல் யாருடைய குடியிருப்பைக் குறிக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூரில் பார்ப்பனர் குடியிருப்பின் பிரிவுகளுக்கும் சேரி என்றுதான் பெயர். அடுத்த நூற்றாண்டுத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலோ பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று தனித்தனியே வருகின்றன. சொல்லின் மீது இழிவு பின்னால் ஏற்றப்பட்டது. மனிதர் மீதும் அப்படித்தான்.

இதை ஆய்வாக நிறுவ முயன்றவர்களில் ஒருவர் பேராசிரியர் ஆர்.எஸ். சர்மா (1919–2011). பீகாரின் பரௌனியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே விவசாய சங்கத் தலைவர்கள் காரியானந்த் சர்மா, சுவாமி சகஜானந்த் சரஸ்வதி ஆகியோரோடு பழகினார். (இவர் நம் சிதம்பரம் சகஜானந்தர் அல்லர்.) அந்த இடதுசாரிப் பழக்கம் அவருடைய ஆய்வில் தெரிகிறது. அரசர்களின் வரிசையை விட்டுவிட்டு, உழுதவர் யார், விளைச்சலை எடுத்துக்கொண்டவர் யார் என்று கேட்டார்.

1958இல் வெளிவந்த 'பண்டைய இந்தியாவில் சூத்திரர்கள்' அந்தக் கேள்விக்கான பதில். ரிக்வேத காலத்தில் தீண்டாமைக்குச் சான்றில்லை. உழவு பெருகி, உபரியும் அரசும் வளர்ந்தபோதுதான் சூத்திரர் மீதான தடைகள் இறுகின என்றார். தொடக்கம் உள்ள ஒன்றுக்கு முடிவும் உண்டு. சாதியைக் கடவுள் படைப்பு என்போருக்கு இது ஆபத்தான வரலாறு. மகாபாரதத்தின் வரலாற்றுத்தன்மையைக் கேள்விக்குட்படுத்திய அவரது பள்ளிப் பாடநூல் 1978இல் ஜனதா ஆட்சியில் விலக்கப்பட்டது. அவர் ஒதுங்கவில்லை. 1991இல் மூன்று வரலாற்றாசிரியர்களோடு சேர்ந்து அயோத்தி குறித்த அறிக்கையை நாட்டின் முன் வைத்தார்.

இவ்வளவையும் மதித்துக்கொண்டே நாம் ஒரு கணக்கைக் கேட்க வேண்டும். சூத்திரர் யார் என்று அண்ணல் அம்பேத்கர் 1946இலும், தீண்டப்படாதார் யார் என்று 1948இலும் நூல்கள் எழுதிவிட்டார். முடிவுகளில் சர்மா அவரிடமிருந்து வேறுபடுகிறார். அது ஆய்வில் இயல்பு. ஆனால் இடதுசாரிக் கல்விப்புலம் அம்பேத்கரைத் தலைவராக ஏற்ற அளவுக்கு வரலாற்றாசிரியராக நெடுங்காலம் ஏற்கவில்லை. களத்திலும் இதே இடைவெளிதான். ஜமீன்தாரை எதிர்த்த குத்தகை விவசாயிக்குச் சங்கம் இருந்தது. அவர் வயலில் கூலிக்கு நின்ற தலித்துக்கு? பீகாரிலேயே 1937இல் ஜகஜீவன் ராம் விவசாயத் தொழிலாளருக்குத் தனிச் சங்கம் கண்டது இதனால்தான்.

சர்மாவின் நூல் கி.பி. 500ஓடு நிற்கிறது. அதற்குப் பிந்தைய ஏடுகளைப் புரட்ட வேண்டியவர்கள் நாம். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892இல் பஞ்சமி நிலம் வழங்க ஆணை பிறந்தது. வேளச்சேரி அன்று அந்த மாவட்டத்து ஊர்தான். அந்த நிலங்கள் யார் பெயரில் இருந்தன, இன்று யார் பெயரில் இருக்கின்றன? பேராசிரியர்கள் எழுதட்டும் என்று காத்திருக்காமல், பதிவேட்டைக் கேட்டு நாமே தாலுகா அலுவலகத்துக்குப் போவோம்.

ஜெய்பீம்.