நீர்வண்ணத்தில் ஒரு மலைநாட்டு மாளிகை

நுவரெலியா, அட்டன் மலைச்சாரல்களின் அழகை எழுத நீர்வண்ணத்தினும் ஏற்ற சாதனம் இல்லை. நீர்வண்ண ஓவியர் வெண்மைக்கெனச் சாயம் பூசுவது அரிது. வெண்மை வேண்டிய இடத்தில் தாளைத் தீட்டாமலே விட்டுவிடுவர். முகட்டில் தவழும் பனிமூட்டம் ஓவியத்தில் வெறுந்தாளே. 1892இல் தம் இலங்கைப் பயண நூலை வெளியிட்ட கான்ஸ்டன்ஸ் கோர்டன் கமிங் அம்மையார் இக்கலையில் தேர்ந்தவர்.

இத்தகைய ஓவியத்துக்கென்றே அமைந்தது போன்றதொரு மாளிகை, நுவரெலியாவுக்குத் தென்கிழக்கே அப்புத்தளையில் உளது. அதன் பெயர் அடிஷாம். தேயிலைத் தோட்டங்களை நிருவகித்த ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் தலைவராயிருந்த சர் தோமஸ் வில்லியர்ஸ், 1931இல் அதனைக் கட்டுவித்தார். இங்கிலாந்தில் கெண்ட் பகுதியிலுள்ள சிற்றூர் ஒன்றின் பெயரையே அதற்குச் சூட்டினார். கருங்கற் சுவர்களும் பூந்தோட்டமும் பழைய ஆங்கில மனையை நினைவூட்டும். இன்று அது பெனடிக்ட் சபைத் துறவியரின் மடமாக விளங்குகின்றது.

பழைய மனைகளின்பால் ஆங்கிலேயர் கொண்ட இவ்வேட்கையை வளர்த்ததில் கலை கைவினை இயக்கத்துக்குப் பெரும் பங்குண்டு. வில்லியம் மொரிஸ் என்பாருக்காக 1860இல் கட்டி முடிக்கப்பட்ட செங்கல் வீடு அதன் முதற் சின்னங்களுள் ஒன்று. இயந்திரம் மனிதனின் கையைச் சிறுமைப்படுத்தியதென்றும், உழைப்பவன் தன் வேலையில் இன்பங் காணவேண்டுமென்றும் அவ்வியக்கத்தார் வாதித்தனர்.

அக்கொள்கையைத் தழுவிய தமிழர் ஒருவரும் உளர். சர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமியே அவர். இங்கிலாந்தின் பிராட் கேம்டனில், ஆஷ்பீ என்னும் கட்டடக் கலைஞர் புதுப்பித்தளித்த பழைய தேவாலயக் கட்டடத்தில் அவர் வாழ்ந்தார். கண்டிநாட்டுக் கைவினைஞரின் கலையை ஆராய்ந்து அவர் எழுதிய நூல், மொரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே 1908இல் அச்சாகி வெளிவந்தது. ஒரு பொருளின் அழகைப் போற்றுவோர் அதனை ஆக்கியவனின் வாழ்வையும் நோக்கவேண்டும் என்பதே அவர் காட்டிய நெறி.

அந்நெறியை மலைநாட்டில் பொருத்திப் பார்த்தல் தகும். தேயிலையும் கைவினைப் பொருளே. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தைக் கிள்ளியவை, தமிழகத்து ஊர்களிலிருந்து வந்த குடும்பங்களின் பெண்களுடைய கைகள். அக்கொழுந்தின் வருவாயே துரைமாரின் மாளிகைகளாக உயர்ந்தது. கொழுந்து கிள்ளியவர்க்கோ, ஏறக்குறைய பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள லயக் காம்பராவே வீடு. ஒரு குடும்பம் சமைத்ததும் உறங்கியதும் பிள்ளை பெற்றதும் அதனுள்ளேதான். 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் குடியுரிமையும் இழந்தனர்; எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003இல்தான் சட்டம் வழி திறந்தது.

மாளிகையை வரைந்த ஓவியத்தைக் குறைகூற வேண்டுவதில்லை. கல்லின் வண்ணமும் பனியின் மென்மையும் உண்மையே. ஆயினும் அதனைக் காண்போர், தீட்டாது விடப்பட்ட இடத்தையும் சற்று நோக்குவாராக. பனிமூட்டமென நிற்கும் அவ்வெண்மைக்குள் லயங்களின் தகரக் கூரைகளும், விடியலில் கூடை சுமந்து மலையேறிய பெண்களும் உண்டு. அவர்களையும் சேர்த்து எண்ணும்போதுதான் அவ்வீட்டின் வரலாறு நிறைவுறும்.